இரு நகரங்களும் எதிரெதிர்ப் பக்கங்களும்

பிரெஞ்சுக் கலைஞர் வாராம் முராத்தியான் 2011-இல் 'பாரிஸ் வெர்சஸ் நியூயார்க்' என்றொரு சித்திரப் புத்தகம் வெளியிட்டார். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் வாசகர்களைப் பெற்ற நூல் அது. ஒரு பக்கம் பாரிஸ், எதிர்ப் பக்கம் நியூயார்க். நீண்ட பகெட் ரொட்டிக்கு எதிரே வளையமான பேகல். இயக்குநர் கோதாருக்கு எதிரே வுடி ஆலன். சொற்கள் சொற்பம், படமே பேசுகிறது.

ரசித்துப் பார்க்கலாம். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் இந்த எதிரும் புதிரும் கலைந்து போகிறது என்பது என் கருத்து. பேகல், 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள் நியூயார்க்குக்குக் கொண்டுவந்த பண்டம். அங்கே 1886-இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையோ பாரிஸில் உருவானது. உள்ளே தாங்கும் இரும்புச் சட்டம் ஐஃபெல் அமைத்தது. பதிலுக்கு, பாரிஸ்வாழ் அமெரிக்கர்கள் அச்சிலையின் சிறு வடிவத்தை அந்நகருக்கு வழங்க, அது 1889-இல் சேன் நதித் தீவொன்றில் நிறுவப்பட்டது.

இன்னொரு ஜோடிப் படத்தை நானே சேர்ப்பேன். நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட மகா வல்லப கணபதி. பாரிஸில் ஈழத் தமிழர் 1985-இல் எழுப்பிய மாணிக்க விநாயகர். அங்கே கோயில் கேன்டீன் தோசைக்கு ஊரே வருகிறது. இங்கே தேர் தெருவில் இறங்கினால் பிரெஞ்சுக்காரரும் கூடுகிறார்கள். இரு பக்கமும் நம்ம பிள்ளையார்தான்!

"நாம எந்த ஊர்க்காரங்க?" என்று வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பேகலின் கதையை அவர்களுக்குச் சொல்லலாம். வந்தவர் கொண்டுவந்ததும் ஊரின் சொத்தே.