நிழற்படமும் மெய்க்கீர்த்தியும்

கல்வெட்டின் தொடக்கத்தில் வேந்தனின் வெற்றிகளை விரித்துரைப்பது மெய்க்கீர்த்தி. சோழர் கல்வெட்டுக்களில் முதல் இராசராசன் காலந்தொட்டு அது நிலைபெற்றது. அதனை நாம் வரலாற்றுச் சான்றாகக் கொள்கின்றோம். ஆயினும் அது வேந்தன் சார்பினின்று பொறிக்கப்பெற்றது என்பதை மறப்பதில்லை. பெருஞ்செல்வரைக் காட்டும் நிழற்படங்களையும் அந்நெறியிலேயே ஆராய்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஐதராபாத்தின் ஆறாம் நிசாமான மீர் மகபூப் அலிகானின் அவைக்கள நிழற்படக் கலைஞராய் விளங்கியவர் தீன் தயாள் (1844–1905). நிசாம் அவருக்கு 'ராசா' என்னும் பட்டம் வழங்கினார். அரண்மனை, விருந்து, வேட்டை ஆகியவற்றை அவர் படமெடுத்தார். 1902-இல் கர்சன் பிரபு அந்நாட்டிற் புலிவேட்டையாடியதும் அவற்றுள் ஒன்று. பஞ்ச நிவாரணப் பணிகளையும் அவர் எடுத்தார். வேட்டைப் படத்தில் நிற்போர் பெயரால் அறியப்படுகின்றனர். பஞ்சப் படத்தில் நிற்போரோ திரளாகவே காணப்படுகின்றனர். முன்னது பெருமையைக் காட்டும்; பின்னது கொடையைக் காட்டும். இரண்டும் ஆட்சியின் புகழே.

1892-இல் அவர் ஐதராபாத்தில் மகளிர்க்கெனத் தனி நிழற்பட நிலையம் ஒன்றை நிறுவினார். ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அதனை நடத்தினார். உயர்குடி மகளிர் ஆடவர் கண்ணிற் படாது படமெடுத்துக்கொள்ள அஃது இடந்தந்தது. காட்சி தருதலேயன்றி, மறைந்திருத்தலும் செல்வத்தின் உரிமையாயிற்று.

இவ்வுரிமையின் அருமை சென்னை மாகாணத்தின் 1876–78 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தை நோக்குங்கால் விளங்கும். சென்னைப் படையைச் சார்ந்த வில்லோபி வாலசு ஊப்பர் என்பார், எலும்புந் தோலுமாயினாரைக் குழுக் குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். மறைந்திருக்கும் உரிமை அவர்கட்கு இல்லை. பெயர் பொறிக்கப்பெறும் உரிமையும் இல்லை.

செல்வர் வேண்டி எடுப்பித்தமையால் அவர்தம் படங்கள் பொய்யாகிவிடுமோ எனின், ஆகா. மெய்க்கீர்த்தியிற் போலவே, எடுப்பித்தோர் கருதாத செய்திகளும் அவற்றில் உள. நாற்காலியின் பின்னே நிற்கும் ஏவலாளன், தரைவிரிப்பு, அயல்நாட்டு விளக்கு ஆகியன செல்வத்தின் வரவையும் உழைப்பின் இடத்தையும் ஒருங்கே உணர்த்துவன.

இந்நிலை முடியாட்சியோடு ஒழிந்ததன்று. தயானிதா சிங் 2004-இல் வெளியிட்ட 'பிரைவசி' என்னும் தொகுதி, இந்தியச் செல்வக் குடும்பங்களை அவர்தம் இல்லங்களிலேயே காட்டுகின்றது. ஈண்டு அரசாணை இல்லை. எனினும் வாயில் திறந்தாலன்றிப் படமில்லை.

ஆதலின், நிழற்படத்தைச் சான்றாகக் கொள்வோர் அதில் தோன்றுவது யாது என்பதோடு அமையாது, எடுப்பித்தவர் யார், பெயர் பெற்றவர் யார், மறைய இயன்றவர் யார் என்னும் மூன்றையும் வினாவுதல் வேண்டும். செல்வர்க்கும் வறியார்க்கும் இடையே நின்ற வேற்றுமை, ஆடையணிகளினும் இவ்வினாக்களின் விடையிலேயே தெளிவாகப் புலப்படும்.