மலையடிவாரத்துக் காமிரா

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸில் மிஞ்சியது அது. சேர்வராயன் மலையடிவாரத்து அந்த ஸ்டூடியோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு வசனத்தில்தான் போய் நிற்கும். ‘மந்திரி குமாரி’ (1950) என்றால் கருணாநிதி. ஒளிப்பதிவு செய்த ஜே. ஜி. விஜயத்தின் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. தமிழ் சினிமாவின் சரித்திரத்தை நாம் காதால் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோக்கள் ஆசைப்பட்ட காமிரா மிட்செல். 1919இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கம்பெனி. கொக்கி பிலிமைக் கீழே இழுக்கும். ஊசிகள் துளைகளில் நுழைந்து அசையாமல் பிடிக்கும். ஷட்டர் திறந்து மூடும். வினாடிக்கு 24 தடவை. ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இதில் ஒரு விசித்திரம். லென்ஸ் வழியே பார்த்துக் கூர்மை சரிசெய்ய, காமிராவின் உடலையே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். திரும்பத் தள்ளினால்தான் பிலிம் லென்ஸுக்கு நேரே வரும். ஆக, காட்சி ஓடும்போது அவன் கண் லென்ஸில் இல்லை. பக்கத்தில் பொருத்திய வேறொரு கண்ணாடி வழியே உத்தேசமாகப் பார்க்கிறது. பிலிமைக் கழுவி எடுத்த பிறகுதான் நிச்சயம். பார்க்காமல் பார்க்கத் தெரிந்தவன் அவன்.

சேலத்துக்கு இந்த வித்தை பல திசைகளிலிருந்து வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இங்கே உருவானபோது காமிராவில் இருந்தவர் போடோ குட்ஷ்வாகர். ஹாலிவுட் கூட்டுத் தயாரிப்பான ‘தி ஜங்கிள்’ (1952) படத்துக்கு வந்தவர் ஆஸ்கார் வாங்கிய கிளைட் டி வின்னா. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தைக் கேவாகலரில் எடுத்தவர் டபிள்யூ. ஆர். சுப்பாராவ்.

‘மந்திரி குமாரி’யைச் சுந்தரத்தோடு சேர்ந்து டைரக்ட் செய்த எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது என்பதைத் துணுக்குச் செய்தியாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. புகழ்பெற்ற வசனம் முழுவதும் அவருக்கு வெறும் சத்தம். கண் ஒன்றே கைமுதல். கொல்ல அழைத்து வந்த கணவனை மலையுச்சியில் மூன்று முறை வலம் வந்து மனைவி தள்ளிவிடுகிறாள். சத்தத்தை அடைத்துவிட்டு இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். யார் விளிம்பில் நிற்கிறார்கள், யார் யாருக்குப் பின்னால் போகிறார்கள் என்பதிலேயே கொலை நடந்து முடிந்துவிடுகிறது. அதே 1950இல் டங்கன் இந்தியாவை விட்டுப் போனார். விஜயம் எங்கே நின்று அதைப் பார்த்தார் என்று கேட்டு ஒரு கட்டுரைகூட நம்மிடம் இல்லை.