கெடா தோட்டத் தொழிலாளர் மோதல்கள் (1947)

1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் மலாயாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் இடையே மூண்டவை கெடா தோட்டத் தொழிலாளர் மோதல்கள். உலகப் போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நாட்டில், அமைதி எவ்வளவு மேலோட்டமானது என்பதை இவை காட்டின.

பின்னணி

ஜப்பானிய ஆட்சியில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். வேறு பல இளைஞர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியபோது, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பழைய பணிவு இல்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு, கூலியோ விலைவாசியை எட்டவில்லை. மரியாதையும் ஒரு கோரிக்கையாக இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, 1941இலேயே கிள்ளான் தொழிலாளர்கள் குரல் எழுப்பியிருந்தனர்.

தொண்டர் படை

பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கெடாத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது. இளைஞர்கள் அணிவகுப்புப் பழகினர். கள்ளுக்கடைகளில் மறியல் செய்தனர். சம்பளத்தைக் கரைத்துக் குடும்பங்களைக் கெடுத்த கள், தோட்ட நிர்வாகங்களின் ஆதரவோடு விற்கப்பட்டது. அதனால் மதுவிலக்கு முயற்சி தொழிற்சங்கப் போராட்டத்தோடு ஒன்றாகக் கலந்தது. சீர்திருத்தமாகத் தொழிலாளர்கள் கண்டதை அரசு சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே பார்த்தது.

மோதல்கள்

1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் காவலர்கள் தொழிலாளர்களைத் தாக்கினர்; ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். பலர் கைதாகிச் சிறை சென்றனர். ஏப்ரல் 28 அன்று டப்ளின் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மேலும் ஒருவர் பலியானார். தலைவர்களின் கைதுகளோடு தொண்டர் படை ஒடுக்கப்பட்டது.

பின்விளைவுகள்

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டனர். உடனே பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் இரண்டே நாளில் நாடு முழுவதற்கும் விரிந்து, 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். கெடா மோதல்களே அவசரகாலத்தை உண்டாக்கின என்பது மிகை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு வேறு வேர்கள் இருந்தன. ஆனால் கூலிக்கும் மானத்துக்கும் எழுந்த முறையீட்டுக்கு அரசு தடியாலும் துப்பாக்கியாலும் பதில் சொன்னபோது, பேச்சுக்கு இருந்த வழி குறுகிப்போனது. சிதறிய சங்கங்களை ஒன்றுசேர்த்து, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல்தான் உருவானது. கெடாவின் பாலிங்கில் 1955 டிசம்பரில் அரசுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே நடந்த சமாதானப் பேச்சும் முறிந்தது. தோட்டத் தமிழர் சலுகை கேட்டுக் கையேந்துவதை விட்டு, உரிமை கேட்டு அணிதிரண்ட காலத்தின் முக்கிய அத்தியாயம் இந்தக் கெடாப் போராட்டம். மலேசிய வரலாற்றுப் பாடத்தில் உரிய இடம் பெற வேண்டியதும் ஆகும்.