லலிதா ராய் பெற்ற விமானி

உசிலம்பட்டி வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் அபூர்வம். தரைப்படைக்காரர் தெருவுக்கு ஒருவர் தேறுவார். விமானப்படை என்றால் விரல் விட்டு எண்ணலாம். அதில் நானும் ஒருவன். தாம்பரத்தில் பயிற்சி, பிறகு எஞ்சின் பிட்டர் வேலை, பென்ஷன். நான் விமானம் ஓட்டியதில்லை. ஓட்டப் போகிறவரை ஏணியில் ஏற்றி, பெல்ட்டை இறுக்கி, கட்டைவிரல் காட்டி அனுப்பிய ஆள். அதனால் எந்த விமானியைப் பற்றிப் படித்தாலும் முதலில் எனக்கு அவர் உட்கார்ந்த பொறிதான் கண்ணில் படும். அப்புறம் வீடு.

இந்திரலால் ராய் விஷயத்தில் இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் ஒப்பிப்பார்கள்: பதிமூன்று நாளில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினார். முதல் உலகப்போரில் அந்த அளவுக்குப் போன ஒரே இந்தியர் அவர்தான், சரி. ஆனால் பத்தொன்பது வயது வங்காளிப் பையன் 1918இல் பிரான்சு வானத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான்?

பணம் ஒரு பதில். அப்பா பியாரிலால் ராய் பாரிஸ்டர். இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் பரிசால் பக்கத்து லாகுடியா ஜமீன் குடும்பம். அம்மா லலிதாவின் தகப்பனார் சூர்ஜ குமார் குட்டீவ் சக்கரவர்த்தி, லண்டன் போய் மேல்நாட்டு வைத்தியம் படித்துத் திரும்பிய முதல் தலைமுறை இந்திய டாக்டர்களில் ஒருவர். ஆறு பிள்ளைகள். அவர்களின் படிப்புக்காக லலிதா லண்டனில் குடியிருந்தார். 1898 டிசம்பர் 2இல் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால், ஹேமர்ஸ்மித்தில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தான்.

ஆனால் பணம் மட்டும் இருந்த வீடு அல்ல அது. 1911 ஜூன் 17 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடுவதற்கு ஐந்து நாள் முன்னால், ஓட்டுரிமை கேட்டு லண்டன் தெருக்களில் பெண்கள் பேரணி போனார்கள். சுமார் 40,000 பேர். அதில் சேலை கட்டிய இந்தியப் பெண்கள் சிலர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவர்களில் லலிதா ராயும் உண்டு. அப்போது இந்திரலாலுக்குப் பன்னிரண்டு வயது. 'முடியாது' என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாத குணம் அந்த வீட்டில் அம்மாவிடமிருந்தே வந்தது என்பது என் கணிப்பு.

ஏனென்றால் பையனுக்கும் முதலில் வந்த பதில் அதுதான். கண்பார்வை போதாது என்று, ராயல் பிளையிங் கோர் என்ற அன்றைய பிரிட்டிஷ் விமானப்படை திருப்பி அனுப்பியது. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்கி வந்தான் என்று சொல்வார்கள். 1917 ஏப்ரலில் ராயல் பிளையிங் கோரில் சேர்ந்தான், ஜூலையில் அதிகாரி ஆனான், அக்டோபர் கடைசியில் 56ஆம் ஸ்குவாட்ரன். டிசம்பர் 6 அன்று விமானம் விழுந்து பலத்த அடி. செத்துவிட்டான் என்று பிணவறையில் போட்டார்கள், உள்ளிருந்து கதவைத் தட்டினான் என்றொரு கதை உண்டு. பட்டாள மெஸ்ஸில் இந்த மாதிரிக் கதைகள் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பாதியைக் கழித்துவிடுவது வழக்கம். கழிக்க முடியாதது, படுக்கையில் கிடந்த மாதங்களில் அவன் வரைந்த விமானப் படங்கள். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் மறுபடி சொன்னார்கள். மறுபடி மல்லுக்கட்டினான். 1918 ஜூனில் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற கேப்டனுக்குக் கீழே 40ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்துவிட்டான்.

அவன் ஓட்டிய எஸ்.இ.5ஏ பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மரச்சட்டம், துணிப்போர்வை, ஒரே இருக்கை. இரண்டு துப்பாக்கி. விக்கர்ஸ் சுழலும் விசிறி இறக்கைக்கு ஊடாகச் சுடும். லூயிஸ் மேல் இறக்கையில் இருக்கும். லூயிஸின் வட்டத் தட்டில் குண்டு தீர்ந்தால், அதை வளைந்த தண்டவாளம் வழியாகக் கீழே இழுத்து, காற்று முகத்தில் அறைய, காலித் தட்டைக் கழற்றிப் புதுத் தட்டு மாட்ட வேண்டும். அதுவரை ஓட்டும் கம்பி முழங்கால்களுக்கு இடையில். எதிரி காத்திருக்க மாட்டான். ஹாங்கரில் நிறுத்தி வைத்த விமானத்தில் ஒரு பாகம் மாற்றவே எங்களுக்கு இரண்டு பேர் வேண்டும். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அப்போது பாராசூட் கிடையாது.

ஜூலை 6இல் முதல் வெற்றி. 8ஆம் தேதி நாலு மணி நேரத்துக்குள் மூன்று. 13இல் இரண்டு, 15இல் இரண்டு, 18இல் ஒன்று, 19இல் ஒன்று. 22ஆம் தேதி கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மன் போக்கர் விமானங்களோடு மோதல், தீப்பிடித்து விழுந்தான். பத்தொன்பது வயது ஏழு மாதம். செப்டம்பரில் வானில் காட்டிய துணிச்சலுக்கான டி.எஃப்.சி. பதக்கம் அறிவித்தார்கள், இந்தியர் ஒருவருக்கு முதல் முறையாக. கற்றுக்கொடுத்த மெக்கெல்ராயும் அந்த ஜூலை 31இல் போய்விட்டார்.

அதே ஆண்டுகளில் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிறப்பை வைத்தே ஆட்களைக் குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குயில்குடியில் நுழைந்து, பிரமலைக் கள்ளர் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. என் தாத்தாவின் பத்து விரலும் பதிவேட்டில் ஏறின. ராத்திரி ஊர்ச்சாவடியில் படுக்க வேண்டும்; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் செத்தாள். ஓர் இந்தியனுக்கு நெஞ்சில் பதக்கம், இன்னோர் இந்தியனுக்கு விரலில் மை. இரண்டையும் கொடுத்தது ஒரே அரசு. இந்தியனைப் பறக்க விட்டதும் பெருந்தன்மையால் இல்லை, ஆள் பற்றாக்குறையால். அந்தப் போரில் பறந்த இந்தியர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்: ராய், பம்பாயின் வெலிங்கர், எரோல் சந்திர சென், ஹர்தித் சிங் மாலிக். வெலிங்கரும் அந்த ஜூனில் இறந்தார். சென் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். மாலிக் பிழைத்து, பின்னாளில் பிரான்சுக்கே இந்தியத் தூதராகப் போனார். போர் முடிந்ததும் கதவை அடைத்துவிட்டார்கள். இந்திய விமானப்படை உருவாக 1932 அக்டோபர் 8 வரை ஆயிற்று.

அதற்காக ராயின் துணிச்சலில் ஒரு குண்டுமணி குறைத்துச் சொல்ல மாட்டேன்.  இவன் இரண்டு தரம் தள்ளியும் போனான். அண்ணன் பரேஷும் அதே போரில் சிப்பாய். ஊர் திரும்பி வங்காளத்தில் குத்துச்சண்டையை வளர்த்தவர். லலிதாவும் மகன் போன துக்கத்தோடு முடங்கிவிடவில்லை. இந்தியப் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரியைப் பார்க்கப் போன குழுவில் இருந்தார். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அந்த ஓட்டை முதலில் கொடுத்தது நம் சென்னை, 1921இல். அதுவும் சொத்து இருந்த பெண்களுக்கு மட்டும். எங்கள் பாட்டிமாருக்கு அது எட்டவில்லை.

எஸ்தெவெல் என்ற சிற்றூரின் பொது மயானத்தில் இந்திரலால் கிடக்கிறான், வடக்குப் பிரான்சில், லான்ஸ் நகரத்துக்குப் பக்கம். கல்லில் வங்காள எழுத்தும் உண்டு: வீரனின் சமாதி, மரியாதை செய், தொடாதே என்ற பொருளில். பாரிசில் நம் ஆட்கள் ஏராளம். புதுச்சேரிக்காரர்கள், ஈழத்துக்காரர்கள், எங்கள் மதுரைப் பக்கத்துப் பையன்களும் உண்டு. லீவு நாளில் லான்ஸ் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பூ வைத்தால், அவன் அம்மா பெயருக்கும் சேர்த்து வையுங்கள்.