அணைக்கரை உல்லமும் அவலாஞ்சி டிரவுட்டும்

கும்பகோணத்திலிருந்து பழைய சென்னை ரோட்டில் போனால், சோழபுரம், திருப்பனந்தாள் தாண்டி ஓர் இடத்தில் வண்டி தானாக மெதுவாகும். கொள்ளிடத்தின் குறுக்கே நீளமாக, ஒடுக்கமாக ஒரு பழைய பாலம். கீழே வரிசையாக மதகுகள். இதுதான் அணைக்கரை. அரசாங்கக் காகிதங்களில் இதன் பெயர் கீழணை. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மீன்சுருட்டி என்று ஒரு ஊர். பாண்டியனின் மீன்கொடியைச் சோழன் சுருட்டிய இடம், அதனால் அந்தப் பெயர் என்று சொல்வதுண்டு. அது எவ்வளவு நிஜமோ, ஆனால் நிஜ மீன் ஒன்று இந்த இடத்தில் சுருட்டப்பட்ட கதை உண்டு. அந்தக் கதை ஊட்டி மலையில் போய் முடிகிறது.

அந்த மீனின் பெயர் உல்லம். பெங்காலிகள் உயிரை விடும் ஹில்சா இதுதான். ஆந்திராவில் கோதாவரிக்குள் ஏறிய பிறகு இதையே புலசா என்று ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கடலில் வாழும். ஆனால் முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறி நன்னீருக்கு வரும். ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வரும்போது, பழையாறு பக்கத்து முகத்துவாரத்தில் அந்த வண்டல் நீர் கடலில் கலக்கும். உல்லத்துக்கு அதுதான் அழைப்பு. வெள்ளத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாகக் கொள்ளிடத்தில் ஏறும்.

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் இரண்டு அணைகளைக் கட்டினார். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் மேலணை. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கீழே வந்தால் அணைக்கரையில் கீழணை. மேலணை இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்தில் இறங்கி வீணாகக் கடலுக்குப் போயிருக்கும், தஞ்சாவூர் வயல்கள் காய்ந்திருக்கும். கீழணையால் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கிடைத்தது. 2004 முதல் அந்த ஏரியிலிருந்துதான் சென்னைக்கும் குடிநீர் போகிறது. காட்டனைக் குறை சொல்ல டெல்டாக்காரர்கள் யாருக்கும் வாய் வராது. ஆனால் கடலிலிருந்து ஏறி வந்த உல்லத்துக்கு கீழணை ஒரு சுவர். அவ்வளவுதான்.

மீன்களுக்கு அணைகளால் வரும் கேட்டைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் டாக்டர், ஆனால் மனசெல்லாம் மீனில். இந்திய நன்னீர் மீன்கள் பற்றி அவர் 1873-ல் கொடுத்த அறிக்கையில் இந்த விஷயம் பெரிதாக வருகிறது. இதே டேதான் அதற்கு முன்பு, 1860களில், நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க முயன்று தோற்றவர்!

டிரவுட் எதற்கு? சாப்பிட மட்டும் என்றால் ஊரில் கெண்டையும் விராலும் இல்லையா? விஷயம் தூண்டிலில் இருக்கிறது. நம்மூர்த் தூண்டில் என்றால் மூங்கில் கழி, தக்கை, முள்ளில் மண்புழு. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தக்கை முங்குகிறதா என்று பார்க்க வேண்டும், பேச்சுத் துணையோடு செய்யலாம். டிரவுட் தூண்டில் அப்படியில்லை. இந்த மீன் தெளிந்த குளிர்ந்த ஓடையில், நீரோட்டத்தைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டு நிற்கும். மேலிருந்து மிதந்து வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதனால் பிடிப்பவர் பின்னாலிருந்து வர வேண்டும். கரையில் புதர் மறைவில் நின்றோ, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைத் தடவித் தடவி நடந்தோ நெருங்கி, இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சியை மீனுக்கு முன்னால் மெல்ல விழ வைக்க வேண்டும். நிழல் விழுந்தால் போச்சு, கல் உருண்டால் போச்சு. இங்கிலாந்து கனவான்களுக்கு இது கிட்டத்தட்ட ஒரு மதம். ஊட்டி அவர்களுக்கு இங்கிலாந்து மாதிரியே இருந்தது. ஓடைகளில் டிரவுட் மட்டும் இல்லை. அந்தக் குறை அவர்களை ஐம்பது வருடம் அரித்தது.

கொண்டு வருவதுதான் கஷ்டம். மீனை உயிரோடு கப்பலில் கொண்டுவர முடியாது, முட்டையாகத்தான் கொண்டுவர வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். ஆனால் டிரவுட் முட்டைக்கு ஒரு வசதி இருக்கிறது. குளிரில் அது பொரிக்க வாரக்கணக்கில் ஆகும். கருவின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்த பிறகு, ஈரப் பாசியில் சுற்றி ஐஸ் பக்கத்தில் வைத்தால் தண்ணீரே இல்லாமல் பயணம் செய்யும். 1864-ல் நார்ஃபோக் என்ற கப்பலில் இப்படித்தான் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வழியாக டாஸ்மேனியாவுக்கு முட்டைகள் போய்ச் சேர்ந்தன. 1880களில் இலங்கை தேயிலைத் தோட்டத் துரைமார்கள் நுவரெலியா ஓடைகளில் டிரவுட் விட்டார்கள். நீலகிரிதான் பிந்திக்கொண்டே இருந்தது.

அதைச் சாதித்தவர் எச்.சி. வில்சன், சென்னை அரசாங்கத்தின் மீன் வளர்ப்பு நிபுணர். 1823-ல் பெரிய மண்சரிவு நடந்ததால் அவலாஞ்சி என்று பெயர் பெற்ற இடத்தில், 1907-ல் ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த வானவில் டிரவுட் அங்கே பிழைத்துக்கொண்டது. பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை. இங்கிலாந்து டிரவுட் அல்ல. துரைமார்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை போலும். முக்குருத்தி பக்கம் ஓடைக்கரையில் தங்கி மீன் பிடிக்கக் குடில்கூட எழுந்தது. பிடிக்க லைசென்ஸ் வேண்டும். 1879-லேயே நீலகிரிக்கென்று தனிச் சட்டம் வந்திருந்தது, வேட்டைக்கும் மீனுக்கும் சேர்த்து. 1877-ல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கம் அதை நடத்த உதவியது.

இப்போது அணைக்கரைக்குத் திரும்பலாம். ஏனென்றால் அதே வில்சன், கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில், அணைக்கரையில் உல்லத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்!

சென்னை மாகாண மீன்வளத்துறையை 1905-ல் ஆரம்பித்து வைத்தவர் ஃபிரடரிக் நிக்கல்சன். பி.காம். பாடப் புத்தகத்தில் கூட்டுறவு பற்றிய அத்தியாயத்தில் வருவாரே, அதே நிக்கல்சன். 1890களில் அவர் எழுதிய விவசாய வங்கி அறிக்கைதான் 1904 கூட்டுறவுச் சட்டத்துக்கு விதை. ஆகவே துறை துரைமார்களின் பொழுதுபோக்குக்காகவே நடந்தது என்று சொன்னால் அது நியாயமில்லை. சாதாரண ஜனங்கள் சாப்பிடும் மீனைப் பெருக்க வேண்டும் என்பதில் நிக்கல்சனுக்கு உண்மையான அக்கறை இருந்தது. உல்லம் அந்தப் பட்டியலில் முக்கியமான மீன்.

உல்லத்துக்கு இரண்டு வழிகள் பார்த்தார்கள். ஒன்று, மீன் ஏணி. அணையில் படிப்படியாகத் தண்ணீர் விழும்படி ஒரு பாதை, மீன் அதில் ஏறி மேலே போய்விடும் என்று எண்ணம். ஐரோப்பாவில் சால்மன் மீன் அப்படி ஏறும். சால்மன் தாவும் மீன். உல்லம் தாவாது. அது நீரோட்டத்தில் நேராக நீந்தும், தடை வந்தால் அதன் கீழேயே சுற்றிக்கொண்டு நிற்கும். ஸ்காட்லாந்து மீனுக்குப் போட்ட ஏணியைக் கொள்ளிடத்து மீன் ஏறவில்லை. அணைக்குக் கீழே தேங்கி நின்ற கூட்டத்தை வலை போட்டு அள்ளுவதுதான் சுலபமாகப் போயிற்று.

இரண்டாவது, செயற்கை முறையில் முட்டை பொரிக்க வைப்பது. சினை மீனைப் பிடித்து வயிற்றைத் தடவி முட்டையைப் பிதுக்கி, ஆண் மீனின் விந்தைக் கலந்து பொரிக்க வைக்க வேண்டும். டிரவுட்டில் பழகிய அதே கைவேலை. உல்ல முட்டை பொரிக்கவும் செய்தது. வில்சனுக்குப் பிறகு பி. சுந்தரராஜ் அந்த வேலையைத் தொடர்ந்து, கொள்ளிடத்து உல்லத்தைப் பற்றி 1917-ல் கட்டுரை எழுதினார். ஆனால் உல்ல முட்டை ஒரு நாளிலேயே பொரித்துவிடும். பாசியில் சுற்றி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. பிடித்த உல்லம் நிமிஷத்தில் செத்துவிடும், ஆகவே தொட்டியில் வைத்துச் சினை முதிரக் காத்திருக்கவும் முடியாது. முதிர்ந்த ஆணும் பெண்ணும் ஒரே வேளையில் வலையில் விழ வேண்டும். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த மீன் அவலாஞ்சியில் குடியேறிவிட்டது. சொந்த ஆற்றில் ஏறி வந்த மீனுக்கு வழி செய்ய முடியவில்லை.

பிறகு 1934-ல் மேட்டூர் அணை. டெல்டாவுக்கு அது பெரிய வரம். வெள்ளம் அடங்கியது, தேவையான நாளில் தண்ணீர் வந்தது, புதிதாக நிலங்கள் பாசனம் பெற்றன. ஆனால் உல்லத்தை அழைத்த புதுவெள்ளத்தை மேட்டூர் தேக்கிக்கொண்டது. கீழணை பாதையை அடைத்தது என்றால் மேட்டூர் அழைப்பையே நிறுத்தியது. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி மூன்றிலும் அணைகள் உல்லத்தை என்ன செய்தன என்று 1942-ல் தேவநேசன் என்ற மீன்வள அதிகாரி எழுதினார். அணை கட்டிய லாப நஷ்டக் கணக்கில் பாசன ஏக்கர் உண்டு, நிலவரி உண்டு. வராமல் போன மீனுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. 1975-ல் கங்கையில் ஃபராக்கா அணை திறந்தபோதும் இதே கதைதான். அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்த ஹில்சா அணைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

அவலாஞ்சி டிரவுட்டும் அணையிலிருந்து தப்பவில்லை. குந்தா நீர்மின் திட்டத்தில் அவலாஞ்சியிலும் எமரால்டிலும் அணைகள் எழுந்தன. பண உதவி செய்த நாடு கனடா, அதாவது வானவில் டிரவுட்டின் தாயகங்களில் ஒன்று. அந்த ஓடைத் தண்ணீர் குந்தா ஆறாகி, பவானியில் விழுந்து, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அப்புறம் முக்கொம்பு, கொள்ளிடம், கடைசியில் அணைக்கரை. வில்சன் ஒரே ஆற்றின் இரண்டு முனைகளில்தான் வேலை பார்த்திருக்கிறார்.

இன்றைக்கு அணைக்கரையில் யாராவது டிரவுட்காரர்கள் மாதிரி முழங்கால் தண்ணீரில் இறங்கித் தூண்டில் போட நினைத்தால் யோசித்துச் செய்யட்டும். கொள்ளிடத்தின் இந்தப் பகுதியில் முதலைகள் உண்டு. பாலத்தோரம் மீன் கிடைக்கும். கெண்டை, கெளுத்தி, முக்கியமாக ஜிலேபி. ஜிலேபியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. அதுவும் இலங்கை வழியாகத்தான்.