பயிற்றப்பட்ட திறன்: பர்மாவில் நகரத்தார் வட்டித்தொழிலின் மேன்மையும் அதன் எல்லையும் (1852–1942)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிக் கீழைப் பர்மாவின் பணச்சந்தையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பெற்றிருந்த முதன்மை, பெரும்பாலும் சாதி இயல்பாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. அம்முதன்மை திட்டமிட்ட பயிற்சியாலும் கட்டுக்கோப்பான கண்காணிப்பாலும் உருவானது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அத்திறனைக் காத்த அமைப்பே 1930களின் நெருக்கடியில் அதன் எல்லையாகவும் அமைந்ததைச் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: நகரத்தார், பர்மா, பெட்டியடிப் பையன், நடப்பு வட்டி, ஐந்தொகை, உலகப் பொருளாதாரப் பெருமந்தம்.

முன்னுரை

‘செட்டி மகனுக்கு வணிகம் குருதியிலேயே ஊறியது’ என்னும் கருத்து மக்கள் வழக்கில் மட்டுமன்றி ஆய்வெழுத்துகளிலும் இடம்பெற்றுள்ளது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ போன்ற தொகுப்புகள் தொழில்திறனைச் சாதித் தலைப்புகளின்கீழ் வகைப்படுத்தியமை இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. குருதியில் ஊறிய திறனாயின் அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. அது ஒரு பத்தாண்டில் நிலைகுலைவதற்கும் காரணமில்லை. நகரத்தார் வரலாறோ இவ்விரண்டிற்கும் மாறான சான்றுகளைத் தருகிறது.

எண்ணும் இல்லமும்

பயிற்சியின் முதற்படி எண்கல்வி. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவை மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16) முதலிய பின்னங்களை ஏட்டின் துணையின்றிப் பெருக்கவும் கூட்டவும் சிறுவர் பழகினர். ரூபாயின் பதினாறில் ஒரு பங்கான அணா, மாகாணிக்கு நேராக அமைந்தது. ஆகவே பழைய பின்னக் கணக்கு காலனிய நாணய முறையிலும் பயன் குன்றாது நின்றது.

இரண்டாம் பள்ளி இல்லம். செட்டிநாட்டில் மணமான மகனை அதே வீட்டில் ‘வேறு வைத்தல்’ என்பது வழக்கம். கூரை ஒன்று, அடுப்பும் கணக்கும் வேறு. ஆண்டுக்கென அளிக்கப்படும் படிக்குள் குடும்பம் நடத்தி, மிச்சத்தை வட்டிக்கு விடும் பொறுப்பு இளந்தம்பதியருக்கு உண்டு. தன் பணத்தைத் தானே ஆளும் ஒழுங்கு, பிறர் பணத்தை ஆளும் முன்னரே பழக்கப்பட்டது எனலாம்.

கடையில் பயிற்சி

மூன்றாம் பள்ளி கடையே. பணப்பெட்டியின் அருகமர்ந்து சில்லறை வேலை பார்க்கும் ‘பெட்டியடிப் பையன்’, காலப்போக்கில் கணக்கெழுதுபவராகவும் ‘அடுத்தாள்’ ஆகவும் உயர்ந்து, தகுதியுடையவராயின் ‘மேலாள்’ பொறுப்பை அடைந்தார். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்கள், கடல்கடந்த இவ்வட்டிக்கடைகளின் சூழலை உணர்த்துவன.

பேரேட்டைப் பார்த்துக் கற்பது ஒரு பகுதியே. கடன் கேட்டு வருபவரின் நடையுடை, நிலத்தின் தரம், முன்பட்ட கடன், சொல்லின் உறுதி ஆகியவற்றை மேலாள் எடைபோடும் முறையை அருகிருந்து காண்பதே பயிற்சியின் உயிர்நிலை. இவ்வறிவு எந்தச் சுவடியிலும் எழுதப்படவில்லை.

திறனைக் காத்த ஏற்பாடுகள்

பெற்ற திறன் மங்காமலும் தடம் மாறாமலும் காக்க மூன்று ஏற்பாடுகள் இருந்தன.

முதலாவது, தவணை முறை. மேலாள் பொதுவாக மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டார். சம்பளத்துடன் இலாபத்தை ஒட்டிய ஊக்கத்தொகையும் அவருக்கு உண்டு. தவணை முடிந்ததும் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து ஊர் திரும்பினார். இதனால் ஒவ்வொரு கடனும் புதிய ஒருவரின் பார்வைக்கு உட்பட்டது.

இரண்டாவது, கணக்குத் தணிக்கை. கடையின் நிலையைத் தொகுத்துரைக்கும் ‘ஐந்தொகை’ செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கு அனுப்பப்பட்டது. அனைத்துக் கடைகளும் ஒத்த முறையில் கணக்கெழுதியமையால், ஒரு கடையில் பயின்றவர் மற்றொரு கடையின் ஏட்டையும் எளிதில் படிக்க இயன்றது.

மூன்றாவது, செய்திப் பகிர்வு. இரங்கூன் மொகல் தெருவிலிருந்த நகரத்தார் கோயிலில் கடைக்காரர்கள் கூடிப் பணச்சந்தை நிலையை ஆராய்ந்து, தமக்குள் வழங்கும் கடனுக்கான ‘நடப்பு வட்டி’யை வகுத்தனர். பணம் மிகுந்த கடை, பணம் வேண்டிய கடைக்கு இவ்வட்டியில் கொடுத்துதவியது. வாக்குத் தவறியவர் இழப்பது ஒரு கடனை மட்டுமன்று. கோயில் வழியும் மணவுறவு வழியும் அமைந்த நன்மதிப்பு முழுவதையும் ஆகும். டேவிட் ருட்னர் தம் ஆய்வில் (1994) சாதியமைப்பையே ஒரு நிதி நிறுவனமாகக் காண்பது இதுபற்றியே.

இவ்வேற்பாடுகளின் பயன் பெரிது. 1852இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும் 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் அரிசி ஏற்றுமதியைப் பெருக்கின. ஐராவதி வடிநிலத்தின் காடு திருத்திய உழவருக்குக் கடனளிக்க ஐரோப்பிய வங்கிகள் முன்வரவில்லை. அவ்விடைவெளியை நகரத்தார் நிரப்பினர். 1929–30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு அவர்கள் ஈடுபடுத்தியிருந்த முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

திறனின் எல்லை

1930இல் நெல்விலை சரியத் தொடங்கி, விரைவிலேயே ஏறக்குறையப் பாதியாயிற்று. உழவரால் அசலும் வட்டியும் செலுத்த இயலவில்லை; ஈடுவைத்த நிலங்கள் கடன்கொடுத்தோர் கைக்கு வந்தன. நெல் விளையும் 13 முதன்மை மாவட்டங்களில் நகரத்தார்வசம் இருந்த சாகுபடி நிலம் 1930இல் 6 விழுக்காடு. அப்பத்தாண்டின் இறுதியில் 25 விழுக்காடு. எண்ணிக்கையளவில் இது வளர்ச்சியாகத் தோன்றினும் தொழில் நோக்கில் தேக்கமேயாகும். சுழல வேண்டிய பணம் மண்ணில் முடங்கிற்று. மூன்றாண்டில் ஊர் திரும்பும் மேலாளுக்கு நிலத்தை ஆளும் பயிற்சி அளிக்கப்படவில்லை.

இவ்விடத்து ஒரு முரண் கருதத்தக்கது. ஒரே எண்கல்வி, ஒரே கணக்குமுறை, ஒரே கோயிலில் பகிரப்பட்ட செய்தி ஆகியவை ஒவ்வொரு கடையையும் தனிப்பிழையிலிருந்து காத்தன. அவையே எல்லாக் கடைகளையும் ஒரே பிணையமான நெல்வயலின்மீதும், ஒரே விலை எதிர்பார்ப்பின்மீதும் நிறுத்தின. ஒருவர் இடறினால் தாங்கிய வலை, அனைவரும் ஒருசேர இடறியபோது தாங்கவில்லை. பிறரைவிட மேம்பட்ட திறன், பொதுப்பிழைக்கு மருந்தாகாது.

1942இன் சப்பானியப் படையெடுப்பும் விடுதலைக்குப் பின்வந்த பர்மிய நில உடைமைச் சட்டங்களும் எஞ்சியதையும் பறித்தன. ஆயினும் சிலர் முன்னரே தம் திறனை வேறு களத்திற்கு மாற்றிக்கொண்டனர். மௌல்மேனில் 1900இல் தொடங்கிய முருகப்பச் செட்டியார் குடும்ப நிறுவனம், சப்பானியப் படையெடுப்புக்கு முன்பே தமிழகம் திரும்பித் தொழில்துறையில் ஊன்றியது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடங்களிலும் ஒரேநாளில் திறக்கப்பட்டது. கணக்கொழுங்கும் ஆளறியும் திறனும் இங்கு நிலைத்தன. நெல்வயலைப் பிணையாகக் கொண்ட பழைய முறை கைவிடப்பட்டது.

முடிவுரை

நகரத்தாரின் வணிக மேன்மை பிறப்பால் வந்ததன்று. திண்ணையிலும் இல்லத்திலும் பெட்டியடியிலும் ஆண்டுக்கணக்கில் பயிற்றப்பட்டு, தவணை, ஐந்தொகை, நடப்பு வட்டி ஆகியவற்றால் காக்கப்பட்டது. அது எச்சூழலுக்காக வளர்க்கப்பட்டதோ அச்சூழல் மாறியபோது, திறனைப் புதுக்கிக்கொண்டோரே நிலைத்தனர். சாதி இயல்பு என்னும் விளக்கம் பெட்டியடிப் பையனின் நெடிய உழைப்பையும் மறைக்கிறது. பர்மிய உழவனின் நிலம் பறிபோன வரலாற்றுக் காரணங்களையும் மறைக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் ஆய்வுகளே தமிழ் வணிக வரலாற்றை முழுமையாக்கும்.