நாடுகடத்தலும் நாவடக்கமும்

நாடுகடத்தல் சட்டம் கொள்ளைக்காரருக்கும் இரகசியச் சங்கத்தாருக்கும் உரியதென்றே நம்மவருள் பலர் எண்ணியிருந்தனர். 1941-ஆம் ஆண்டு கிள்ளானில் அவ்வெண்ணம் பொய்த்தது.

அவ்வாண்டு அவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் தொழிலாளத் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒன்று திரட்டியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் நின்றவர் பத்திரிகையாளரான ஆர். எச். நாதன். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்டிர் மானத்துக்குப் பாதுகாப்பு. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமற் செல்லும் உரிமையையும் கேட்டனர். நகைப்போர் நகைக்கலாம், இறங்கி நின்றவனுக்கே அதன் பாரம் தெரியும். பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டுமென்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று.

மே 5-ஆம் தேதி நாதன் கைதானார். வழக்கு நடத்தி அவர் பேச்சைக் குற்றமென நிரூபிக்கும் சிரமம் சர்க்காருக்கு இருக்கவில்லை. சுல்தானுக்குப் பிறப்பால் பிரஜையல்லாதவரை ஆட்சிமன்றத்தின் ஆணை ஒன்றினாலேயே வெளியேற்ற நாடுகடத்தல் சட்டம் இடமளித்தது. இந்தியாவிற் பிறந்த நம்மவர் பிரிட்டிஷ் பிரஜைகள்தாம். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குச் சிலாங்கூர் பிரிட்டிஷ் மண்ணன்று, சுல்தானின் நாடு. ஆகவே அப்பட்டம் அங்கே செல்லவில்லை. நிர்வாகம் நடத்துவோர் பிரிட்டிஷார். வாய் திறந்தால் மட்டும் நாம் அந்நியர்! நம்மவர் களவாய் நுழைந்தவரா? இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் கட்டணம் கொடுத்துத் தருவிக்கப்பட்டவர் எத்தனையோ பேர்.

கைதுக்குப்பின் வேலைநிறுத்தம் மேலும் பரவிற்று. மே மாத நடுவிற் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது, துருப்புகள் இறங்கின, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்; வேறு பலரும் அவ்வழியே சென்றனர். சிறைக்குப் போனவன் தண்டனை தீர்ந்ததும் தன் லயத்துக்குத் திரும்புவான். நாடுகடத்தப்பட்டவனுக்கு அப்படி எண்ணிக் காத்திருக்க ஒரு நாளில்லை. பேச நினைத்த மற்றவர் வாயை அடக்க அதுவே போதும்.

விடுதலைக்குப்பின் எழுந்த 1959-ஆம் ஆண்டு நாடுகடத்தல் சட்டத்தை மலேசியா 2011-ல் நீக்கிற்று. எனினும் அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்கே வழங்குகிறது. சிங்கப்பூரின் 14-ஆம் பிரிவும் அவ்வாறே. இன்று மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் அவ்வாசகத்துக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுடைய வேலை அனுமதியை ரத்துச் செய்யக் குடிநுழைவு அதிகாரியின் கையெழுத்தே போதும், நீதிமன்றம் வேண்டியதில்லை.